சாகுபடிக்கு உதவாத நிலம்

அப்பாவின் காய்கறித் தோட்டம் எங்கே என்று கேட்டால் எங்கள் ரோட்டில் யாருக்கும் தெரியாது. மூன்று மாடி ஹோட்டலுக்கும் பைக் ஷோரூமுக்கும் நடுவில் என்று சொன்னால் ஆட்டோக்காரர் நேராகக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். பின்பக்கம் கல்யாண மண்டபம். எதிரே ரோட்டைத் தாண்டினால் கடல் உணவு ரெஸ்டாரன்ட். போர்ட் பிளேரிலிருந்து வண்டூர் போகிற ரோடு அது. படகுச் சவாரிக்குப் போகிற டூரிஸ்ட் வண்டிகள் காலை ஆறு மணிக்கே ஓட ஆரம்பித்துவிடும்.

அப்பா இன்னொரு தீவில், ஹட் பேயில், செம்பனை எண்ணெய்த் தோட்ட வேலை முடிந்து கைக்கு வந்த பணத்தில் ஒரு வங்காளிக் குடும்பத்திடமிருந்து அந்த இடத்தை வாங்கினார். அரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அப்போது சுற்றிலும் நெல் வயல். சுனாமிக்குப் பிறகு பள்ளத்து வயல்களில் கடல் தண்ணீர் ஏறி நின்றுவிட்டது. மேட்டு வயல்காரர்கள் ஒவ்வொருவராக விற்றார்கள், சிலர் தாங்களே கட்டிடம் எழுப்பினார்கள். இதில் எனக்குப் பெரிய வருத்தம் எதுவும் இருந்ததில்லை. நெல் வயல் இருந்த காலத்தில் இருட்டினால் அந்த ரோட்டில் பஸ் கிடையாது. பாம்பு மட்டும் உண்டு.

ஹோட்டலின் ஏ.சி. மெஷின்கள் எட்டும் எங்கள் பக்கம் பார்த்து மாட்டப்பட்டிருந்தன. அந்த அனலில் ஒரு வரிசைக் கத்தரி கருகியது. அப்பா மேனேஜரிடம் சண்டைக்குப் போகவில்லை. செடிகளைப் பிடுங்கி நாலடி தள்ளி நட்டார். பால்கனியிலிருந்து டூரிஸ்ட்டுகள் அவர் புல் செதுக்குவதைப் போட்டோ எடுப்பார்கள். அவர் நிமிர்ந்தும் பார்க்க மாட்டார். எழுபது வயதைத் தாண்டிய மனிதர் தினமும் எட்டு மணி நேரம் குனிந்தே இருந்தார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், அதனால் நான் சொல்வதில்லை.

எனக்கு டவுனில் கப்பல் டிக்கெட் கவுன்டரில் வேலை, குடியிருப்பதும் அங்கே குவார்ட்டர்ஸில். அம்மா போன பிறகு அப்பாவோடு தோட்டத்து வீட்டில் இருந்தது என் தங்கையும் அவளுடைய இரண்டு பெண்களும்தான். தங்கையின் கணவர் ஒரு வேலையாக மெயின்லாண்டுக்குப் போனார். ஏழு வருடமாகிறது, அந்த வேலை இன்னும் முடியவில்லை போலிருக்கிறது.

தங்கை சும்மா உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை. ரோட்டோரம், நிலத்தின் முகப்பில், தகரக் கொட்டகை போட்டு டிபன் கடை வைத்தாள். வண்டூர் போகிற டிரைவர்கள்தான் வாடிக்கை. இட்லி, பூரி, உருளைக்கிழங்கு சப்ஜி, அப்பா சொல்லிக்கொடுத்த தேங்காய்ச் சம்பல். சம்பலுக்காகவே வண்டியை நிறுத்தினார்கள். பதினோரு மாதம் நடந்தது. பிறகு நோட்டீஸ் வந்தது. இது விவசாய நிலம், இதில் வியாபாரம் செய்யக்கூடாது, பதினைந்து நாளில் அகற்றவும்.

நோட்டீஸைப் படித்துவிட்டு அவள் சுற்றிலும் பார்த்தாள். ஹோட்டல், ஷோரூம், மண்டபம், ரெஸ்டாரன்ட்.

“இதுல எதுண்ணே விவசாயம்?” என்று கேட்டாள்.

அவர்களெல்லாம் டைவர்ஷன் வாங்கியிருந்தார்கள். விவசாய நிலத்தை வியாபார நிலமாக மாற்றித் தருகிற ஆர்டருக்கு இங்கே அதுதான் பெயர். எங்களிடம் அது இல்லை, ஏனென்றால் நாங்கள் கேட்டதில்லை. கொட்டகையைப் பிரித்தோம். தங்கை பக்கத்து ஹோட்டலிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். விரிப்பு துவைத்து மொட்டை மாடியில் காயப்போடுகிற வேலை. மேலே நின்று பார்த்தால் அவளுடைய கடை இருந்த இடம் தெரியும், நாலு கம்பக் குழி, கொஞ்சம் கரி. அந்தச் சம்பளத்தில் இரண்டு பெண்களைப் படிக்கவைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். டைவர்ஷன் கிடைத்தால் அவளுக்குக் கடை. கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் அடுத்தவர் படுத்த விரிப்பு.

மனு எழுதுவது எனக்குக் கைவந்த வேலை. பாதி ஊருக்கு நான்தான் இங்கிலீஷில் எழுதித் தருகிறேன். ஆனால் நிலம் அப்பாவின் பெயரில் இருந்தது. கையெழுத்து அவருடையது வேண்டும். கேட்டால் மாட்டேன் என்பார், சாப்பிடாமல் படுத்துக்கொள்வார் என்று நாங்களே முடிவு செய்தோம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கவில்லை. ரேஷன் கார்டு படிவங்களுக்கு நடுவில் மனுவையும் செருகி நீட்டினேன். அப்பா இங்கிலீஷ் படிக்க மாட்டார். ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிதானமாகத் தமிழில் போட்டார். பேனாவைத் திருப்பித் தரும்போது, “எல்லாம் சரியா இருக்கா மகன்?” என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன்.

மனுவில் நான் எழுதியிருந்தது இது: நிலம் நாற்புறமும் கட்டிடங்களால் சூழப்பட்டுள்ளது, நீர் வசதி இல்லை, நெடுங்காலமாகத் தரிசாகக் கிடக்கிறது, சாகுபடிக்கு உதவாது. முதலாவது மட்டும் உண்மை.

நேரம் மட்டும் எங்களுக்கு ஒத்துழைத்தது. அந்த மழையில் அப்பாவுக்கு முழங்கால் வீங்கி இரண்டு மாதம் படுக்கையில் இருந்தார். அந்தமான் மழைக்கு இரண்டு மாதம் தாராளம். தோட்டம் முழுக்கத் தொட்டாற்சிணுங்கியும் கோரையும் இடுப்பளவுக்கு எழுந்துவிட்டன. பார்க்கிற யாரும் தரிசு என்றுதான் எழுதுவார்கள். இதைவிட நல்ல சமயம் வராது என்று மனுவைக் கொடுத்தேன்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்வாரியிடமிருந்து போன் வந்தது. மெயின்லாண்டில் வி.ஏ.ஓ. பார்க்கிற வேலையை இங்கே பட்வாரி பார்க்கிறார். வியாழக்கிழமை காலை நேரில் வந்து நிலத்தைப் பார்ப்பதாகச் சொன்னார். தங்கை அப்போது பிள்ளைகளோடு ஹட் பேக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். திங்கட்கிழமை திரும்ப வேண்டியவள், கடல் சரியில்லை என்று கப்பல் ரத்தாகி அங்கேயே மாட்டிக்கொண்டாள். ரத்தான டிக்கெட்டுகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நான் கவுன்டரில் மாட்டிக்கொண்டேன். வேறு வழியில்லாமல் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

“வியாழக்கிழம பட்வாரி சாப் வர்றாருப்பா. நெலத்தப் பாக்க.”

“எதுக்கு மகன்?”

“சும்மா. ரெக்கார்டுக்கு.”

“எத்தன மணிக்கு?”

“பத்து மணிக்கு.”

“நல்லது” என்று வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் இலங்கை மலைத் தோட்டத்தில் பிறந்தவர். பதினாலு வயதில் தேயிலை மலையில் புல் செதுக்கப் போனார். இருபதில் கப்பலேறி இந்தியா வந்து, கச்சால் தீவில் ரப்பர், பிறகு ஹட் பேயில் செம்பனை. துரை மாறியிருக்கிறார், செடி மாறியிருக்கிறது. மேலதிகாரி மலையைப் பார்க்க வருகிறார் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. புல் ஒன்று நிற்கக்கூடாது. வடிகால் வெட்டியிருக்க வேண்டும், அதை அவர்கள் கான் என்பார்கள். பாதையின் இரண்டு பக்கமும் கல் வைத்துச் சுண்ணாம்பு அடித்திருக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. சின்ன வயதில் ஹட் பேயில் நானே கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறேன். இருந்தும் அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை. அவருக்கு முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை பட்வாரியும் நானும் ஒன்றாகத்தான் போய்ச் சேர்ந்தோம். அவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வரைபடத்தைப் பிரித்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

மண் தெரிந்தது. ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் புல் என்று ஒன்று இல்லை. களைக்குள் மறைந்து கிடந்த கத்தரியும் வெண்டையும் மண் அணைத்து வரிசையாக நின்றன. பயற்றங்கொடிக்குப் புதுக் கம்பு நட்டிருந்தது. நாலு கானும் நூல் பிடித்ததுபோல் வெட்டியிருந்தது, தண்ணீர் சலசலவென்று ரோட்டோரச் சாக்கடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. வாசலிலிருந்து கிணறு வரைக்கும் பாதையின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கல்.

அப்பா பாதையின் தலைப்பில் நின்றிருந்தார். கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டை. முழங்காலில் துணி சுற்றியிருந்தது. “சலாம் சாப்” என்றார்.

பட்வாரி என்னைப் பார்த்தார். வரைபடத்தைப் பார்த்தார். “யஹீ ப்ளாட் ஹே?” இதுதான் அந்த நிலமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்வதைத் தவிர வழியில்லை.

அப்பா அவரைக் கூட்டிக்கொண்டு முழுத் தோட்டத்தையும் காட்டினார். தண்ணீர் எப்படி வடியும், எங்கே திரும்பும் என்று ஒவ்வொரு கானாகத் தன் ஹிந்தியில் விளக்கினார். வருடத்தில் எத்தனை மாதம் விளைச்சல் என்று பட்வாரி கேட்டார்.

“பாரா மஹீனா, சாப்” என்றார் அப்பா. பன்னிரண்டு மாதமும்.

நான் இருமினேன். அப்பா திரும்பி, சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டார்.

பட்வாரி நல்ல மனிதர். ஒரு பை நிறைய வெண்டைக்காய் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார். பிளேன்டீ மட்டும் குடித்தார். மொபைலில் நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். கிளம்பும்போது என்னிடம் எதுவும் சொல்லவில்லை, அப்பாவிடம்தான் சொன்னார், இந்த ரோட்டிலேயே இப்படி ஒரு நிலம் பார்த்ததில்லை என்று. அப்பா அன்று மத்தியானம் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

சாயங்காலம் தங்கை வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கியவள் பையைக் கீழே வைக்கவில்லை. வெள்ளைக் கற்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், “க்யா கியா அண்ணே?” என்று மட்டும் கேட்டாள். நான் ஒன்றும் செய்யவில்லை என்றேன். அதுதான் குற்றம் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

பிப்ரவரியில் பதில் வந்தது. மனு நிராகரிக்கப்பட்டிருந்தது. மனுதாரரின் கூற்றுக்கு மாறாக நிலம் முழுவதும் சாகுபடியில் உள்ளது, வடிகால் வசதி சிறப்பாக உள்ளது, நன்கு பராமரிக்கப்படுகிறது. அதை வீட்டுக் கூடத்தில் தங்கைக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா உள்ளே வந்தார்.

“என்னத்தப் பத்தி எழுதியிருக்கு?”

“நம்ம நெலத்தப் பத்தி” என்றேன்.

“படி.”

கடைசி வரியை மட்டும் சொன்னேன். நன்கு பராமரிக்கப்படுகிறது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், சொன்னேன். அறுபது வருடம் மண்ணைக் கொத்திய மனிதருக்கு அப்படி ஒரு வரியை யாரும் எழுத்தில் கொடுத்ததில்லை. அவர் முகம் அப்போது இருந்த மாதிரி அதற்குமுன் நான் பார்த்தது கிடையாது. தங்கையால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“அப்பா, அது சர்டிபிகேட் இல்ல. என் கடைக்குப் போட்ட மனு. முடியாதுன்னு எழுதியிருக்கான். நீங்க சொரண்டி வச்சதுல எல்லாம் போச்சு.”

பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ரேஷன் படிவம் உட்பட. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

“அப்பவே சொல்லியிருந்தா சொரண்டியத் தொட்டிருக்க மாட்டேனே. புள்ள கடையவிட எனக்கு வெண்டிக்காவா பெருசு?” எழுந்துகொண்டே, “கையெழுத்தக் கேட்டு வாங்கியிருக்கலாம் மகன்” என்றார்.

அவர் கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

இரண்டாவது மனுவை அவர் எதிரிலேயே எழுதினேன், வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே. தரிசாகக் கிடக்கிறது என்ற வரி வந்ததும், “அத நான் பாத்துக்கிறேன்” என்றார். கையெழுத்து போட்டார். பிறகு உள்ளே போய்ச் சுரண்டியை எடுத்துவந்து என் ஸ்கூட்டரில் வைத்தார். சுரண்டி என்பது புல் செதுக்குகிற சின்னக் கருவி, தோட்டத்துக்காரர்களின் கையோடு பிறந்தது. கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது, டவுனில் வைத்துக்கொள் என்றார். என் குவார்ட்டர்ஸ் பால்கனியில் உடைந்த வாளிக்குப் பக்கத்தில் அதைச் சாய்த்து வைத்தேன்.

அந்த வருடம் நிலம் அதன் பாட்டுக்குக் கிடந்தது. காய்த்ததைப் பறித்தார், புதிதாக நடவில்லை. முதல் மழைக்குப் புல் வந்தது. ஜூலையில் கத்தரியை மூடியது. கானில் மண் சரிந்து தண்ணீர் தேங்கியது. அப்பா நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஹோட்டல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சுவரில் பார்க்க எதுவும் கிடையாது, எட்டு ஏ.சி. மெஷின்களைத் தவிர. பால்கனியில் போட்டோ எடுப்பவர்களும் இல்லாமல் போனார்கள். தங்கை மொட்டை மாடியில் விரிப்பு காயப்போடும்போது கீழே பார்ப்பதை விட்டுவிட்டதாகச் சொன்னாள். கேட்காமலே சொன்னாள்.

மழை முடிந்து மறுபடி ஆய்வுக்கு வந்தது அதே பட்வாரிதான். வெள்ளைக் கற்களைப் புல்லுக்குள் காலால் தேடிப் பார்த்தார். அங்கிளுக்கு உடம்பு சரியில்லையா என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

“உமர் ஹோ கயா, சாப். அப் நஹீ ஹோதா.” வயதாகிவிட்டது, இனி முடியவில்லை.

முழங்கால் எப்போதோ சரியாகியிருந்தது. தன் வாழ்க்கையில் மேலதிகாரியிடம் அவர் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். பட்வாரி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

மார்ச்சில் ஆர்டர் வந்தது. நிலம் தரிசு, சாகுபடிக்கு உதவாது, வியாபாரப் பயன்பாட்டுக்கு மாற்ற அனுமதிக்கப்படுகிறது. தங்கை அதை லேமினேட் செய்யக் கொடுத்தாள். ஹோட்டலில் மாதக் கடைசியோடு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டாள். நிலம் ரோட்டைவிட ஓரடி தாழ்வு, மண் கொட்டி நிரப்ப வேண்டும். திங்கட்கிழமைக்கு ஜே.சி.பி. பேசினோம்.

அதற்கு முந்தைய புதன்கிழமை அப்பா பஸ் பிடித்து என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். சுரண்டியைக் கேட்டார்.

“இப்ப எதுக்குப்பா?”

“வேணும்.”

எடுத்துக் கொடுத்தேன். பேப்பரில் சுற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனார். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். தங்கைக்கு அந்த வாரம் ஹோட்டலில் இரட்டை ஷிப்ட், இருட்டில் போய் இருட்டில் வந்தாள்.

திங்கட்கிழமை காலை ஜே.சி.பி.யும் இரண்டு லாரிச் செம்மண்ணும் வந்து நின்றன. டிரைவர் தெலுங்குக்காரர். வண்டியை வாசல்வரை கொண்டுவந்தவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

புல் ஒன்று இல்லை. ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் கொத்திச் சமன்படுத்திய கறுப்பு மண். நாலு கானும் வெட்டியிருந்தது. கற்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன, சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. செடி என்று எதுவும் இல்லை, நட்டால் மறுநாளே பிடிக்கும் என்கிற மாதிரி பாத்திகள் மட்டும்.

“பையா, கலத் ஜகஹ் தோ நஹீ?” என்றார் டிரைவர். இடம் மாறி வந்துவிட்டோமா என்று அவருக்குச் சந்தேகம். தங்கை லேமினேட் செய்த ஆர்டரை நீட்டினாள். அவர் அதை வாங்கி, உதவாத நிலம் என்ற வரியை விரலால் தொட்டுப் படித்தார். மண்ணைப் பார்த்தார். ஆர்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “மாலிக் கோன் ஹே?” என்று கேட்டார். நிலத்துக்குச் சொந்தக்காரர் யார், அவர் வாயால் சொல்லட்டும்.

தங்கை என்னைப் பார்த்தாள், நான் வீட்டு வாசலைப் பார்த்தேன்.

அப்பா வெள்ளைக் கற்களுக்கு நடுவே நடந்து வந்தார். கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டை.

“மெய்ன்” என்றார். “சலாவ்.” நான்தான், வண்டியை எடு.

டிரைவர் இன்னும் தயங்கினார். அப்பா எங்கள் பக்கம் திரும்பி, எதற்கு மலைத்து நிற்கிறீர்கள் என்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னார்.

“ஆள் வாற எடத்துல புல்லு நிக்கக்கூடாதுல்ல.”

எஞ்சின் கிளம்பியது. முதல் பக்கெட் செம்மண் ரோட்டை ஒட்டிய கானில் விழுந்தது. அப்பா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் போய் நின்று நானும் பார்த்தேன். தங்கை மட்டும் பார்க்கவில்லை. ஆர்டரை மார்போடு பிடித்துக்கொண்டு, முகத்தை மேலே திருப்பி, ஹோட்டல் மாடியில் யாரோ காயப்போட்ட விரிப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.